டீமேக்கர் வீட்டில் ரோஜா அத்தர்

என் தோல் பொல்லாத தோல். எந்த வாசனையும் அதில் குடியிருக்காது.

பதுளைக் கடைவீதியில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. கொத்தமல்லி, வரமிளகாய், பெருங்காயம் என்று எல்லா வாடையும் சுவரில் ஊறிக் கிடக்கும். அதனாலேயே நல்லது பொல்லாததுக்குப் புறப்படும்போது வீட்டுப் பெண்கள் எல்லோரும் அத்தர் தொட்டுக்கொள்வார்கள். அவர்கள் தொட்டால் மணக்கும். நான் தொட்டால் கொஞ்ச நேரத்தில் புளித்துப்போகும். பொய்யில்லை. சந்தனம் என் மேல் வெறும் மரத்தூளாகிவிடும். மல்லிகை அத்தர் ஈரத்துணி வாடை அடிக்கும். ரோஜா என்றால் எனக்கு உயிர். அந்த ரோஜாதான் என்னை எல்லாவற்றையும் விட அதிகமாக அவமானப்படுத்தியது.

"இவ பக்கத்துல ஒக்காந்துக்கிட்டா ரசத்துக்குத் தனியாப் புளி கரைக்க வேணாம்" என்று மதினி பந்தியில் வைத்துச் சொல்வாள். மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. வாய் நீளம், மனசு தங்கம். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்ச் சாம்பலைப் போட்டு மணிக்கட்டைத் தேய்ப்பேன்.

எங்கள் கடைக்கு அடுத்த கடை ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. துணி, குடை, அத்தர் விற்பார். சின்னது பெரியது எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் பேச்சில் அது அண்ணன். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போய் நிற்கிற வழக்கம் அப்போது கிடையாது. பெருநாள் கழிந்து சரக்கு வந்ததும் நானாவே அத்தர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வருவார். முக்காலியில் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்வார். குச்சியில் பஞ்சு சுற்றி, குப்பிக்குள் தோய்த்து, தோளுக்குப் பின்னால் நீட்டுவார். மதினி அதை வாங்கிப் பாதி சாத்திய கதவுக்குள் தருவாள். நாங்கள் தொட்டுப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சொல்வோம். எல்லோருக்கும் நானா ஒரே பாட்டுத்தான் பாடுவார்: "சொர்க்கத்து வாசம், தங்கச்சி, சொர்க்கத்து வாசம்." என் முறை வந்தால் மட்டும் அந்தப் பாட்டு வராது. கதவிடுக்கு வழியாக வாடை அவருக்கும் வந்து சேர்ந்திருக்கும். "நீங்க கழுவிடுங்கோ, தங்கச்சி" என்பார். விற்க வந்த மனிதனே வேண்டாம் என்று சொன்ன கை பதுளையில் என்னுடையது ஒன்றுதான்.

ஒரு வருஷம் அவரே இரக்கப்பட்டுச் சொன்னார்.

"உங்கட ஒடம்பு சூட்டு ஒடம்பு. வெளிறின ரோசா அதுல வெந்து போகுது. கறுத்த ரோசா எண்டு ஒண்டு ஈக்கி. அகில் எண்ணெயில எறக்கினது. எப்பயாச்சும்தான் கப்பல்ல வரும். வந்தா உங்களுக்குத்தான்."

கையில் இல்லாத சரக்குக்கு இத்தனை பெருமையா என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் கேள்வி அதுதான்: "நானா, கறுத்த ரோசா வந்துச்சா?"

அது வருவதற்குள் எனக்குக் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மலை மேலே ஒரு தோட்டத்தில் வேலை. தோட்டத்துத் தேயிலை ஆலையை எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோருக்கு அவர்தான் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவது தொடங்கித் தூளாகிப் பெட்டிக்குள் போகிறவரை எல்லாம் அவர் பொறுப்பு. குடியிருக்க ஸ்டோரை ஒட்டியே தகரக்கூரை போட்ட வீடு. "டீமேக்கர் ஐயா வீட்டம்மா" என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற கூலிச் சனங்கள் எழுந்து நிற்பார்கள். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போன மறுநாள் காலையில்தான் மனுஷன் சட்டம் படித்தார்.

"இந்தா, இங்க பாரு. தேயிலைக்குப் பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்த இழுத்துக்கும். வெங்காயம் உரிச்ச கையோட ஒருத்தன் உள்ள வந்தாப் போதும், அன்னைய தூளு அவ்வளவும் போச்சு. அதனால வீட்டுல பூ கூடாது. அத்தர் கூடாது. காத்து ஸ்டோரு பக்கம் அடிக்கிறப்ப சாம்பிராணி கூடாது. பெருங்காயம் தாளிக்காத."

பெருங்காயம் விற்கிற வீட்டுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சைப் பாருங்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு முன்னும் பின்னும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. வாசலில் கால் வைக்கும்போதே நேற்றைய குழம்பைச் சுட வைத்திருக்கிறாயா என்று கேட்பார். அந்த மூக்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. மெஷினில் உருட்டிய இலையைத் தரையில் பரப்பிப் பழுக்கப் போடுவார்கள். பச்சை வாடை போய்ப் பழ வாசனை ஏறுகிற ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் காறல், பிந்தினால் களிமண். வெயில் நாளில் ஒரு கணக்கு, மழை நாளில் ஒரு கணக்கு, கடிகாரம் பார்த்துச் செய்ய முடியாது. அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து "ம்" என்பாராம். அந்த "ம்"முக்குத்தான் தோட்டத்துப் பெரிய துரை சம்பளம் கொடுத்தார்.

ஒரு நாள் ஏதோ சந்தோஷத்தில் இருந்தார். நானும் ஆசையாக, "எல்லாத்தையும் மோந்து பாத்துச் சொல்றீங்களே, நான் என்ன வாசம்?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணுமே மணக்கல. அதான் இந்த வீட்டுக்குத் தோது" என்றார்.

பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது? புகழ்ச்சியாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனாலும் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரு நாளாவது இந்த மூக்குக்கு நான் யார் என்று காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்தேன்.

பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானாவின் பெட்டியைத் திறக்கச் சொல்வேன். எத்தனையோ ரோஜா தொட்டுப் பார்த்தேன். சிலது தொட்டதுமே புளித்தது. சிலது அடுத்த வேளைச் சோற்றுக்குள் செத்தது. ஒன்று மட்டும் காய்ந்த ரத்த வாடை அடித்து என்னையே பயமுறுத்தியது.

அந்த வருஷம் ஆனியில் தோட்டத்தில் ஒரு காய்ச்சல் சுற்றியது. என் வீட்டுக்காரரையும் படுக்கப் போட்டது. இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தேறி எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கினார். ஆடி பிறந்தது, மேற்கு மலை தாண்டி வருகிற கச்சான் காற்று வீசத் தொடங்கியது. மதினியின் கடைசிப் பிள்ளைக்குக் காது குத்து என்று நான் பதுளைக்குப் போனேன்.

பின்வாசலில் நானாவின் குரல் கேட்டது. "உங்களுக்கெண்டே ஒரு சாமான் வந்தீக்கி, தங்கச்சி!"

விரல் உயரக் குப்பி. உள்ளே இருந்தது ரோஜா நிறமே இல்லை, தேன் முற்றிய கறுப்பு. பஞ்சை மணிக்கட்டில் ஒற்றியதும் எழுந்த வாடையைப் பார்த்து நெஞ்சு உட்கார்ந்துவிட்டது. வெல்லப்பாகு அடிப்பிடித்த வாடை. அடக் கடவுளே, இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன்? கழுவப் போனவளை நானாவின் குரல் தடுத்தது. "அவசரப்படாதீங்கோ. குப்பியில மணக்கிறது குப்பிக்கு. கொஞ்சம் வேல வெட்டியப் பாருங்கோ."

போய் மாவு இடித்தேன். வியர்த்தது. நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கருகல் போயிருந்தது. அந்த இடத்தில் ரோஜா இருந்தது. நிழலில் போட்டுக் காய்ந்த, கனமான, இருட்டு நிற ரோஜா. அதற்கு அடியில் எங்கோ கட்டை எரிந்து அணைந்த வாசனை. சாயங்காலமும் இருந்தது. மறுநாள் காலையிலும் இருந்தது. என் தோல் முதல் தடவையாக ஒன்றைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டது. மதினி என் கழுத்தருகே வந்து முகர்ந்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"ஏய், இது யாருடி?" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலில் எழுகிற அந்தக் கருகல் வாடையை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மதினி அதையும் பந்தியில் வைத்துப் பாடுவாள்.

திரும்பி வரும்போது கூண்டு வண்டியில் ஹாலிஎல தாண்டி மலை ஏறுகிறவரை ஒரே ஒத்திகைதான். கழுத்தில் தொட்டுக்கொண்டுதான் ஏறியிருந்தேன், வேண்டுமென்றே. வீட்டுக்காரர் குதிப்பார், தெரியும். நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டேன். 'நான் என்ன ஸ்டோருக்குள்ளயா போறேன்?' என்று ஒன்று. 'துரைசாணி பூசினா மணம், நான் பூசினா நாத்தமா?' என்று ஒன்று. கடைசியில் போடுவதற்கு, 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். கால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார். நான் குனிந்து சோறு போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. குழம்பு ஊற்றினேன், மோர் ஊற்றினேன், விசிறுகிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"என்ன புள்ள, இன்னைக்கு ஒட்டிக்கிட்டே திரியிற?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, ஒருவேளை பிடித்துப்போய்விட்டதோ என்று ஒரு சந்தோஷம். அதற்கும் பிறகு ஒரு சந்தேகம். மறுநாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பொங்கி வழிந்து, சுண்டி, கருகி, தகரக்கூரை வரை நாறியது. அடுத்த அறையில் அவர் முகம் மழித்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சட்டியை இறக்கிவிட்டு அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"உங்களுக்கு மூக்கு எப்பலேருந்து இல்ல?"

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் பாதி சோப்பு. முதலில், "என்ன பேச்சு பேசுற?" என்று எகிறினார். பிறகு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காச்சலோட போச்சு. வந்துரும் வந்துரும்னு பாத்தேன். வரல. யார்கிட்டயும் சொல்லிறாத."

இத்தனை நாளும் எப்படி ஓட்டினார் என்று கேட்டேன். கடிகாரம், இலையின் நிறம், பழுக்கிற தரையில் நிற்கிற கங்காணியின் முகம். "என்ன, சரிதானே?" என்று அவனிடமே கேட்பாராம். அவன், "ஆமாங்க ஐயா" என்பானாம். ஐயா தன்னைச் சோதிக்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பெரிய துரைக்குத் தெரிந்தால் வேலை அன்றைக்கே போய்விடும். வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். மூக்குப் போன டீமேக்கரை எந்தத் தோட்டம் சேர்க்கும்?

கற்பூர வாசனைப் பழமொழியை நினைத்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சோப்பைக் கழுவிக்கொண்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

அவர் போய் நெடுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. டிரங்குப் பெட்டி!

வீட்டில் பூட்டு உள்ளது அது ஒன்றுதான். அத்தர்க் குப்பியை என் புடவையில் சுற்றி அதற்குள்தான் வைத்திருந்தேன். அவருடைய ஸ்டோர் சட்டைகளும் அதற்குள்தான். ஓடிப்போய்த் திறந்தேன். வண்டி குலுங்கின குலுக்கலில் மூடியைச் சுற்றியிருந்த மெழுகு விட்டுப்போய், புடவையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பெட்டிக்குள்ளிருந்து ரோஜா எழுந்து முகத்தில் மோதியது. வருஷக்கணக்கில் தேடிய வாசனை. அப்போது அதை முகர்ந்ததும் பெட்டியை அறைந்து மூடினேன்.

அந்தச் சட்டையோடு அவர் தேயிலைக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு அது தெரியவே தெரியாது!

கொடியில் காய்ந்த பழைய சட்டை ஒன்றை உருவிக்கொண்டு ஓடினேன். டீமேக்கர் வீட்டம்மா தலைமுடி அவிழ ஓடுவதைப் பார்த்துத் தூள் சலிக்கிற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஸ்டோர் வாசலுக்கு வெளியேயே நின்றுவிட்டேன். என் கழுத்திலும் அதே வாசனை இருக்கிறது, உள்ளே எப்படிப் போவது? ஜன்னல் வழியாகப் பார்த்தால் உயிர் போய்விட்டது. பெரிய துரை நிற்கிறார். மேசை மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். அன்று அவர் ருசி பார்க்க வந்த நாள்.

சைகை காட்டி இவரைக் கூப்பிட்டேன். அவர் எரிச்சலோடு வெளியே வந்தார்.

"இங்க எதுக்கு வந்த?"

"சட்டையக் கழட்டுங்க. ரோசா மணக்குது. என் அத்தர் கொட்டிருச்சு."

அவர் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கையைத் தூக்கிச் சட்டையை முகர்ந்தார். முகர்ந்து என்ன செய்ய? ஒன்றும் தெரியாமல் என் முகத்தையே பார்த்தார். பித்தானை அவிழ்க்கப் போனார், அதற்குள் உள்ளேயிருந்து துரை, "டீமேக்கர்!" என்று கூப்பிட்டார். அப்படியே போனார்.

நான் விறகு அட்டிக்குப் பக்கத்தில் மறைந்து நின்றேன். துரை ஒரு கரண்டி உறிஞ்சினார், துப்பினார். அடுத்த கோப்பை. துப்பினார். மறுபடி முதல் கோப்பைக்கு வந்தார். இவரைப் பார்த்தார். ஏதோ சொன்னார். காற்றுச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தைதான் கேட்டது. "ரோஸ்!"

போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மறுபடி பார்த்தால், துரை இவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டு!

கச்சான் வீசுகிற காலத்தில் எங்கள் பக்கத்துக் கொழுந்துக்கு ஒரு தனி வாசனை ஏறும். காய்ந்த காற்றுப் பட்டு இலை சுண்டி, தூளிலே பூ மணக்கும். நல்ல வருஷத்தில் அது ரோஜாவாகவே வரும். துரை அதற்காகத்தான் காத்திருந்தாராம். வந்துவிட்டது என்று குதூகலம். "உன் மூக்குக்கு ஒரு கும்பிடு" என்று இங்கிலீஷில் சொன்னாராம், மூக்கே இல்லாத மனிதனிடம்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். காற்று கொடுத்த ரோஜாவா, என் குப்பி கொடுத்த ரோஜாவா? குப்பி என்றால் கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாச் சட்டையையும் சாம்பல் நீரில் வேகவைத்து அலசினேன். தலையோடு குளித்தேன். குப்பியைப் பழைய தகர டப்பாவில் சாம்பலுக்குள் புதைத்து விறகுக் கொட்டகையில் வைத்தேன். மறுநாள் பழைய சட்டையோடு போனார். அன்றைய தூளிலும் துரை ரோஜாவைக் கண்டார். அதற்கடுத்த நாளும். அப்புறம்தான் மூச்சு வந்தது. வருஷம் முழுக்க இவர் வாசலில் நின்று விரட்டிய ரோஜாவைக் கச்சான் காற்று சும்மா கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

ஆனால் காற்று எத்தனை நாள் வீசும்? அது நின்று மழை பிடித்தால் கடிகாரமும் நிறமும் கை கொடுக்காது. அப்போது மூக்கு வேண்டும். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் கிடையாது. அன்று மட்டும் சாம்பலைக் கிளறிக் குப்பியை எடுப்பேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு. என்னிடம் இருந்ததிலேயே ஊன்றி நிற்கிற வாசனை அதுதான். அவர் மூக்கருகே நீட்டுவேன்.

"ஏதாச்சும் வருதா?"

"இல்ல."

"நல்லா இழுங்க."

"இல்ல புள்ள."

சாயங்காலம் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் குளித்துவிடுவேன். அவர் மேல் ஒட்டிவிடக் கூடாதென்று ராத்திரி எனக்குத் தனிப் பாய். ஒவ்வொரு வாரமும் இதே கதைதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், யார் மேல் என்று தெரியாது. கடைசியில் ஒரு வழியாக என் தோலுக்கென்று ஒன்று கிடைத்தது. யாருக்காகத் தேடினேனோ அந்த ஒரு ஆளுக்கு அது இல்லை. வேலை போகுமே என்கிற பயத்துக்கு நடுவில் இந்தச் சின்ன ஆதங்கமும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டினேன். அவர் கண்ணை மூடி நெடுநேரம் இழுத்தார்.

"ஆமா புள்ள. ரோசா. லேசா வருது."

நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அன்றைக்குக் கொட்டகைக் கதவு முந்தின ராத்திரி பெய்த மழையில் ஊறிப்போய்த் திறக்கவில்லை. நான் அத்தரே தொட்டிருக்கவில்லை. சும்மாதான் கையை நீட்டினேன்.

"யார ஏமாத்துறீங்க? நான் ஏமாந்துருவேன், தேயிலை ஏமாறுமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறத வாராவாரம் பாக்க முடியல" என்றார். அதற்கு மேல் நான் என்ன சண்டை போடுவது? அடுக்களைக்குப் போய் அழுதேன்.

மழை பிடித்துக்கொண்டது. நான் பயந்தது நடந்தது. ஒரு நாள் தூள் முழுக்கப் பிந்திப்போய், கோப்பையில் களிமண்ணாக நின்றது. துரை அன்று முதுகில் தட்டவில்லை. "தூங்கிட்டியா, டீமேக்கர்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாராம். இன்னொரு தரம் நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றும் சொன்னாராம். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு குறைந்தது. நான் ஒவ்வொன்றாகப் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினேன், எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு கிளம்பத் தோதாக. அவர் அதைப் பார்த்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை. தூறல். அடுப்பை இன்னும் மூட்டவில்லை, விறகெல்லாம் ஈரம். பழக்க தோஷத்தில் கொட்டகைக்குப் போய்க் குப்பியை எடுத்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மணிக்கட்டில் தொட்டுக்கொண்டு அடுக்களைக்குள் வந்து நின்றேன். இதை நீட்டி என்ன ஆகப்போகிறது, மறுபடி ஒரு "இல்ல" கேட்கத்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன் அறையிலிருந்து ஒரு சத்தம்.

"ஏய்! அடுப்புல என்னத்த வச்சிட்டுப் பராக்குப் பாக்கிற? வெல்லப்பாகு அடிப்பிடிக்குது, நாத்தம் கொடலப் புடுங்குது! எத்தனை தரம் சொல்றது, ஸ்டோருக்குப் பக்கத்து வீடுன்னு..."

திட்டிக்கொண்டே அடுக்களை வாசல் வரை வந்தவர் அடுப்பைப் பார்த்தார். சாம்பல் குளிர்ந்து கிடந்தது. சட்டி இல்லை, நெருப்பு இல்லை, வெல்லம் டப்பாவுக்குள் இருந்தது. என்னைப் பார்த்தார்.

கருகல் வாடையைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. மதினியிடம்கூடச் சொன்னதில்லை. வண்டியில் வந்தபோது அவர் திட்டுக்குப் பதில் சொல்ல எத்தனை அடுக்கி வைத்திருந்தேன்! ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். விடவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார், என்னையும் இழுத்து உட்கார வைத்தார். தூறல் தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. என் கண்ணிலிருந்து கொட்டிய தண்ணீர் அவர் கை மேல் விழுந்தது. அதையும் துடைக்கவில்லை. விட்டு விட்டு முகர்ந்துகொண்டே இருந்தார், ஸ்டோர் தரையில் குனிந்து பார்ப்பாரே, அதே கவனத்தோடு.

"கருகல் போவுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப... இப்ப ரோசா. ஆமா, ரோசாதான். கறுப்பா இருக்கு."

"பொய் சொல்லலியே?"

"இல்ல. அடியில ஒரு கட்ட வாசம். அதுக்கும் அடியில இன்னொண்ணு. அது அத்தர் இல்ல, நீயி."

"நான் ஒண்ணுமே மணக்கலன்னீங்க?"

இன்னொரு தரம் மூச்சை இழுத்து, மெதுவாக, "ம்" என்றார். அந்த "ம்"மை என் காதால் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நாளைக்கு ஸ்டோர் இருக்கிறது. பயத்தமாவு டப்பாவை எடுக்கப் போனேன். அவர் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானே? சாயந்தரமாக் கழுவிக்க" என்றார்.